காட்டு நுர்மெயும் கரை நுர்மெயும்

"பெயர் மாற்றத்துக்கு எதிர்ப்பு ஏதும் தெரிவிக்கப்படவில்லை." கூட்டக் குறிப்பில் நான் எழுதிய இந்த ஒரு வரியால் ஓர் ஊர் தன் பெயரை இழக்கப் பார்த்தது. எழுதியபோது அது பொய் இல்லை. அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. பொய் இல்லாத ஒன்று தவறாக இருக்க முடியுமா என்று அதற்குப் பிறகு ஒரு வாரம் யோசித்தேன். இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுது, கருத்து பிறகு வரட்டும் என்று மாலைப் பள்ளியில் எங்கள் மொழி ஆசிரியர் சொல்வார். அப்படியே எழுதிப் பார்க்கிறேன்.

மூன்று ஊராட்சிகளை ஒன்றாக இணைத்தபோது எங்கள் புது எல்லைக்குள் நுர்மெ என்ற பெயரில் இரண்டு ஊர்கள் வந்து சேர்ந்தன. ஒன்று கடலோரம். இன்னொன்று அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே, காட்டுக்கு நடுவே. அலுவலகத்தில் கரை நுர்மெ, காட்டு நுர்மெ என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் வரைபடத்தில் இரண்டும் வெறும் நுர்மெதான். ஒரே ஊராட்சிக்குள் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் தவறான நுர்மெக்குப் போய்விட்டால் என்ன செய்வது? ஆகவே ஒன்று பெயரை விட்டுக்கொடுக்க வேண்டும். எது என்பதுதான் கேள்வி.

கரை நுர்மெக்காரர்கள் பத்தொன்பது மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவர்களில் பதினாறு பேர் தலைநகர் தாலினில் வசிப்பவர்கள், கோடையில் மட்டும் வந்து போகிறவர்கள். காட்டு நுர்மெயில் இருபத்திரண்டு வீடுகள், வருடம் முழுவதும் புகைபோக்கியில் புகை வருகிற வீடுகள். அங்கிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை.

"அவங்களுக்கு அக்கறை இல்ல போல," என்றார் துணைத் தலைவர் ஐவார். காட்டு நுர்மெக்குப் புதுப் பெயரையும் அவரே தேடி வைத்தார். மான்னிகு. பைன் தோப்பு என்று பொருள். அழகான பெயர்தான். அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் அந்த அலுவலகத்தில் எழுத்தர். என் முழுப் பெயர் மாரிகா நுர்மெ. இந்த விவகாரம் தொடங்கிய நாளிலிருந்து தொலைபேசியில் பெயரைச் சொன்னாலே, "எந்த நுர்மெ?" என்று கேட்டார்கள். நான் பிறந்தது பைடெ நகரத்தில். இரண்டு நுர்மெயையும் வேலைக்கு வரும்வரை பார்த்ததில்லை.

கூட்டம் ஒரு வியாழக்கிழமை, காட்டு நுர்மெயின் சமூகக்கூடத்தில். முப்பத்தொரு பேர் வந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து நிரம்பிக்கொண்டு வந்தது. முன்னால் மூன்று வரிசை காலி. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்து ஐவார் இருபது நிமிடம் பேசினார். பிறகு, "யாருக்காவது எதிர்ப்பு இருக்கா?" என்று கேட்டார். மூன்று முறை கேட்டார். சுவரோர வெப்பக் குழாய் மட்டும் டொக் டொக் என்றது. மூன்றாவது முறை கேட்டபோது ஜன்னல் பக்கம் இருந்த ஒரு பெண் எழுந்தார். கோட்டை மாட்டினார், எல்லாப் பொத்தானையும் கீழிருந்து மேல்வரை போட்டார், வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"சரி, அப்ப எல்லாருக்கும் சம்மதம். காபி குடிக்கலாம்," என்றார் ஐவார்.

காபியும் கிரிங்கெல் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டு எல்லாரும் இந்த வருடம் காளான் நன்றாக வந்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள். பெயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நானும் இந்த நாட்டில்தான் வளர்ந்தேன். என் அப்பாவுக்குக் கோபம் என்பதை அவர் விறகு பிளக்கப் போவதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். ஆனால் கையில் பேனா இருந்தால் நான் காதில் விழுந்ததை மட்டுமே எழுதுகிறேன். எழுந்து போவதற்குப் படிவத்தில் இடம் இல்லை. வெள்ளிக்கிழமை தட்டச்சு செய்தேன். ஐவாரும் நானும் கையெழுத்திட்டோம். அடுத்த வியாழன் மாலை நான்கு மணிக்கு ஊராட்சி மன்றத்தில் வாக்கெடுப்பு.

திங்கள் காலை என் பக்கத்து மேசைக்காரி கைப்பேசியை நீட்டினாள். காட்டு நுர்மெயின் ஃபேஸ்புக் குழு. நூற்றுப்பதினான்கு கருத்துகள். நூற்றுப்பதினான்கும் சனி, ஞாயிறு இரண்டே நாளில்.

"பைன் தோப்பாம். இங்க பைன் மரமே ரெண்டுதான். ஒண்ணு போன வருஷக் காத்துல விழுந்துடுச்சு."

"மிச்சம் இருக்கிற ஒண்ணுக்குத்தான் பேரு வைக்கிறாங்க போல."

"குறிப்பு எழுதின பொண்ணும் நுர்மெதானாம். கரை நுர்மெக்காரியா இருப்பா."

இதைப் படித்த பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஐவாரின் அறைக்குப் போனேன், திரும்பினேன், மறுபடி போனேன்.

"கூட்டத்துல கேட்டேனா, கேக்கலியா?" என்றார் அவர்.

"கேட்டீங்க. மூணு தடவை."

"யாராவது பேசினாங்களா?"

"இல்ல. ஆனா ஒருத்தங்க எழுந்து போனாங்க."

"கழிப்பறைக்குப் போயிருப்பாங்க."

"கோட்டு மாட்டிக்கிட்டுப் போனாங்க."

"அங்க கழிப்பறை வெளியதான் இருக்கு, மாரிகா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதப் பாரு. ஃபேஸ்புக்க வச்சு மன்றம் நடத்த முடியாது. வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள கையெழுத்தோட எதிர்ப்பு வந்தா மேசையில வைக்கிறேன். வரலேன்னா உன் குறிப்புதான். நல்லா எழுதியிருக்க, எதுக்குக் கவலைப்படுற?"

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். ஒரு தாளின் தலைப்பில் "நுர்மெ ஊரின் பெயர் மாறக் கூடாது எனக் கோருகிறோம்" என்று அச்சடித்து, கீழே ஒன்று முதல் ஐம்பது வரை எண் போட்டு, காட்டு நுர்மெக்கு வண்டி ஓட்டினேன். முதலில் போனது எழுந்து போன அந்தப் பெண்ணின் வீட்டுக்கு. விர்வே நுர்மெ. ஐம்பது வயதிருக்கும், மரம் அறுக்கும் ஆலையில் வேலை. அந்த ஊரில் நுர்மெ என்ற குடும்பப் பெயர் உள்ள ஒரே வீடு அதுதான்.

"உள்ள வா. நாய் கடிக்காது, மூஞ்சி மட்டும்தான் அப்படி," என்றார். காபி ஊற்றினார். பிறகு எல்லாரும் கேட்டதையே கேட்டார். "எந்த நுர்மெ நீ?"

"பைடெயிலிருந்து. அப்பா வழிப் பேரு."

"பைடெயா?" அவர் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி ஒருத்தரு அந்தப் பக்கம்தான் போனாரு. மூக்கப் பாரு, அதே மூக்கு. அட, நம்ம ஆளு நீ."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு உண்மை தெரியும். வசந்தத்தில் மாலைப் பள்ளியில் குடும்பப் பெயரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். தேவாலயப் பதிவேடுகளில் ஏழு தலைமுறை தேடினேன். எங்கள் பெயர் தெற்கே ஒரு பண்ணையில் வைக்கப்பட்டது. ஒரே நாளில், ஒரே தாளில், பண்ணையார் தன் குடியானவர்கள் நாற்பது குடும்பத்துக்கு நாற்பது பெயர் எழுதினார். ஒருவருக்குக் கல், ஒருவருக்கு ஓநாய், எங்களுக்கு நுர்மெ, அதாவது வயல். அந்தப் பண்ணைக்கும் இந்த ஊருக்கும் இடையில் இருநூறு கிலோமீட்டர். விர்வேயிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கையெழுத்து எனக்குத் தேவைப்பட்டது. அதுவும் போக, அலுவலகத்துக்கு வெளியே என்னை யாரும் நம்ம ஆளு என்று சொன்னதில்லை. காபியைக் குடித்தேன்.

"அன்னிக்கு ஏன் எதுவும் சொல்லல நீங்க?" என்று கேட்டேன்.

"எழுந்து போனேனே."

"அதப் பதிவு பண்ண முடியாதே."

"ஏன்? ஊரே பாத்துச்சு." அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஊரோட பேரத்தான் எங்க ஆளுங்களுக்கு வச்சாங்க. நுர்மெயில இருக்கிற நுர்மென்னா எவனும் திருப்பிக் கேக்க மாட்டான். மான்னிகுல இருக்கிற நுர்மென்னா அது யாரு? எங்கேயோ இருந்து பொழைக்க வந்தவ."

தாளை நீட்டினேன். அவர் பேனாவை எடுத்தார், ஒன்று என்ற எண்ணைப் பார்த்தார், பேனாவை வைத்துவிட்டார்.

"நான் முதல்ல போட்டா நல்லா இருக்காது. 'தன் பேருக்காகப் போடுறா'ம்பாங்க. வேற யாராவது போடட்டும். ரெண்டாவதா போடுறேன்."

பக்கத்து வீட்டில் ஹெல்கி வாசலில் உட்கார்ந்து காளான் சுத்தம் செய்துகொண்டிருந்தார். "விர்வே போட்டாளா?"

"நீங்க போட்டதும் போடுறேன்னாங்க."

"அவளே போடல. நான் யாரு போடுறதுக்கு? என் குடும்பப் பேரு தாம். நுர்மெகூட இல்ல."

"ஆனா உங்களுக்குப் பேரு மாறக் கூடாதுதானே?"

"மாறுச்சுன்னா நான் இந்த வீட்ட வித்துட்டுப் போயிடுவேன்," என்றார், கத்தியிலிருந்து மண்ணை வழித்துக்கொண்டே. "ஆனா முதல் ஆளா எல்லாம் முடியாதும்மா."

டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த எல்மார் வெளியே வராமலேயே பேசினார். "எத்தனாவது எடம் இருக்கு?"

"எல்லாமே இருக்கு."

"மூணாவது குடு. மூணாவதுன்னா போடுறேன்."

"முதல் ரெண்டு இன்னும் ஆகலியே."

"அப்ப ஆனதும் வா. நான் எங்க போகப்போறேன்?"

அன்று மாலைக்குள் மூன்றாவதாகவோ அதற்குப் பிறகோ கையெழுத்திடத் தயாராகப் பதினேழு பேர் இருந்தார்கள். இரண்டாவதாக ஒருவர், விர்வே. முதலாவதாக யாரும் இல்லை. வழியெல்லாம் மழை. சரளைச் சாலையில் வண்டியை இரண்டு முறை நிறுத்தி அந்த வெற்றுத் தாளை எடுத்துப் பார்த்தேன். பார்த்தால் ஏதாவது மாறியிருக்கும் என்பதுபோல.

என்னையும் நான் கேட்டுக்கொண்டேன்: நானாக இருந்தால் முதலில் போடுவேனா? மாலைப் பள்ளியில் இரண்டு வருடமாகப் படிக்கிறேன். எனக்கு விடை தெரிந்த கேள்விக்கும் வேறு யாராவது கை தூக்கிய பிறகுதான் தூக்குகிறேன். அதனால்தான் தவறு மக்களிடம் இல்லை, தாளில் இருக்கிறது என்பது மறுநாள் காலை பல் துலக்கும்போது புரிந்தது.

அலுவலகம் திறந்ததும் போய் இருபத்திரண்டு தாள் அச்சடித்தேன். வீட்டுக்கு ஒரு தாள். எண் இல்லை, வரிசை இல்லை, ஒரே ஒரு கோடு. புதன்கிழமை மாலை வகுப்பு உண்டு, போகவில்லை. வீடு வீடாகப் போனேன்.

எல்மார் இந்த முறை டிராக்டருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். தாளை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல நம்பர் எங்க?"

"நம்பரே இல்ல."

"அப்ப நான் முதல் ஆளு இல்லியே?"

"இந்தத் தாள்ல நீங்க மட்டும்தான்."

"ஆபீஸ்காரங்க இதைப் பத்து வருஷம் முன்னாடி கண்டுபிடிச்சிருந்தா எங்க ரோட்டுக்கு எப்பவோ தார் போட்டிருப்பாங்க," என்றார். கிரீஸ் விரல் பதிய கையெழுத்திட்டார்.

ஹெல்கி மட்டும், "விர்வே...?" என்று இழுத்தார். "ஒருத்தர் தாள இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாது," என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. இருபத்திரண்டில் இருபது வீடு கையெழுத்திட்டது. ஒரு வீடு பூட்டியிருந்தது. ஒருவர் தனக்குப் பைன் மரம் பிடிக்கும் என்றார்.

விர்வே கடைசியில். படித்தார், சிரித்தார், கையெழுத்திட்டார். "நம்ம வம்ச மூளை இது," என்று என் தோளில் தட்டினார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறை சொல்லாமல் விடுவது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது.

வியாழன் நான்கு மணி. மன்றத்தில் பதினைந்து உறுப்பினர்கள். பின்சுவரை ஒட்டிக் காட்டு நுர்மெக்காரர்கள் ஒன்பது பேர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விர்வே. ஐவார் சொன்னபடி தாள்களை மேசையில் வைத்தார். உடனே கைடோ எழுந்தார். கரை நுர்மெயில் வீடு உள்ள உறுப்பினர். பேசத் தெரிந்தவர்.

"இருபது தாள். பிரமாதம். ஒரு சின்னக் கேள்வி. இத அச்சடிச்சது யாரு? மாரிகா நுர்மெ. வீடு வீடா எடுத்துட்டுப் போனது யாரு? மாரிகா நுர்மெ. போன வாரம் 'எதிர்ப்பு இல்ல'ன்னு எழுதினது யாரு? அதே மாரிகா நுர்மெ. அங்க விர்வே நுர்மெ உக்காந்திருக்காங்க. அத்தையா, சித்தியா, எனக்குத் தெரியாது. ஊராட்சி ஊழியர் சொந்தக்காரங்களுக்காக ஊராட்சி வேலை பாக்கக் கூடாது. சட்டம் அதான் சொல்லுது. தாள் செல்லாது. குறிப்பு செல்லும்."

மன்றத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "மாரிகா, உனக்கும் அந்த ஊருக்கும் உறவு ஏதும் இருக்கா?"

நான் எழுந்து நின்றேன். மன்றத்தில் எழுத்தர் எழுந்து நிற்பதில்லை, பேசுவதும் இல்லை. ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. பின்சுவரில் விர்வே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். என்னைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். சொல், தைரியமாகச் சொல் என்பதுபோல.

"இல்லை," என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்தது. "வசந்தத்தில் தேவாலயப் பதிவேடுகளில் ஏழு தலைமுறை பார்த்திருக்கிறேன். நகல் இருக்கிறது. எங்கள் பெயர் தெற்கே வேறு பண்ணையில் வைக்கப்பட்டது. என் குடும்பத்தில் ஒருவரும் அந்த ஊரில் பிறக்கவில்லை, வாழவில்லை, புதைக்கப்படவில்லை. பெயர் மட்டும்தான் ஒன்று." பிறகு, உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழ மாட்டேன் என்று பயந்து, மீதியையும் சொன்னேன். "என் குறிப்பு முழுமையானது இல்லை. மூன்றாவது முறை எதிர்ப்பு உண்டா என்று கேட்டபோது ஒருவர் எழுந்து வெளியே போனார். அதை நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்."

கைடோ சிரித்தார். "எழுந்து போறதெல்லாம் எதிர்ப்பா?"

"பின்ன நம்ம பக்கம் எதுய்யா எதிர்ப்பு?" என்றார் அதுவரை பேசாத ஓர் உறுப்பினர். சிலர் சிரித்தார்கள். வாக்கெடுத்தார்கள். எட்டுக்கு ஆறு, ஒருவர் நடுநிலை. காட்டு நுர்மெ நுர்மெயாகவே இருக்கும். கரை நுர்மெக்கு அடுத்த கூட்டத்தில் வேறு பெயர்.

"இனிமே வரப்போற மின்னஞ்சலயெல்லாம் நீதான் படிக்கணும்," என்று ஐவார் என் காதில் சொன்னார்.

நடைக்கூடத்தில் விர்வே நின்றிருந்தார். மற்றவர்கள் வண்டிக்குப் போய்விட்டார்கள்.

"அத அவ்வளவு சத்தமா சொல்லணுமா?" என்றார்.

"சொல்லலேன்னா தாள் செல்லாதுன்னு..."

"அது எனக்குப் புரியுது. நான் முட்டாள் இல்ல. 'புதைக்கப்படல'ன்னியே, அது எதுக்கு?"

"முழுசா இருக்கட்டும்னு."

"முழுசா." அவர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னார். "அப்ப செவ்வாய்க்கிழமையே தெரியும் உனக்கு. காபி குடிச்சப்பவே."

"தெரியும்."

"எத்தன பேருகிட்டச் சொன்னேன் தெரியுமா, சொந்தக்காரப் பொண்ணு ஆபீஸ்ல இருக்கான்னு," என்றார். திரும்பி வண்டியை நோக்கிப் போனார்.

உள்ளே திரும்பிக் குறிப்பை எழுதினேன். "எழுத்தர், தனக்கும் நுர்மெ ஊருக்கும் உறவு இல்லை எனத் தெரிவித்தார்." கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்.

தீர்மானத்தின் நகலை ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் அனுப்ப வேண்டும். இருபத்தொரு உறையை வெள்ளிக்கிழமை அனுப்பினேன். ஓர் உறையை அனுப்பவில்லை. பெறுநர்: விர்வே நுர்மெ, நுர்மெ. அனுப்புநர்: மாரிகா நுர்மெ. அதைப் பைக்குள் வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன். சனிக்கிழமை காலை வண்டியில் ஏறினேன். பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் காட்டுச் சாலையில் திரும்ப இடமில்லை.

அங்கே உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். விர்வேயின் தங்கை, தங்கையின் கணவன், அவர்கள் பிள்ளைகள் என்று வயல் முழுக்கக் குனிந்த முதுகுகள். விர்வே வந்து உறையை வாங்கினார். முகவரியைப் படித்தார். அனுப்புநர் பெயரையும் படித்தார். பிரிக்காமல் கோட்டுப் பைக்குள் வைத்தார். நான் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பூட்ஸ் கொண்டு வந்தியா?" என்றார்.

"இல்ல."

"கொட்டகையில ஒரு ஜோடி கெடக்கு. உனக்குப் பெருசா இருக்கும்."

பெரிதாகத்தான் இருந்தது. ஈர மண்ணில் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் கழன்று கழன்று வந்தது. வாளியை எடுத்துக்கொண்டு ஒரு வரிசையின் முனைக்குப் போனேன். தங்கை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கா இது?"

"ஆபீஸ்ல இருந்து," என்றார் விர்வே, குனிந்தபடியே. "ஆள் பத்தலேன்னு வரச் சொன்னேன்."

தங்கை தலையசைத்தார். நான் குனிந்து எடுக்கத் தொடங்கினேன்.